பிரிக்காத சொட்டு மருந்து

முயலே,

உன் கண் சிவந்த நாளில் நான் வைத்த பெயர். இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. போனில் அனுப்பினால் மறுபடி திரையைப் பார்ப்பாய் என்று தாளில், பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள். இன்று நீ வரமாட்டாய் என்று உன் ஆபீசில் சொல்லிவிட்டேன். கட்டட வரைபடம் நாளைக்குப் போதுமாம்.

நேற்று மாலை நீ, "கம்ப்யூட்டர்கூட ஒரு தட்டு தட்டினா பதில் சொல்லுது. நீங்க ஒரு வாரமா வாயத் திறக்கல. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாய். உன் கண் நிரம்பி வழிந்தது. நான் புத்தகத்திலிருந்து பாதித் தலையை மட்டும் தூக்கி, "மருந்து வழியுது பாரு, தொடச்சுக்கோ" என்றேன்.

காலையில் உன் தலைமாட்டில் வைக்கலாம் என்று சொட்டு மருந்தைத் தேடி எடுத்தேன். மூடியின் சீல்கூட இன்னும் பிரிக்கப்படவே இல்லை.

நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணீர் வற்றிவிட்டதாக டாக்டர் சொன்னார் என்றாயே, அன்றைக்கும் உம் கொட்டினேன். மிச்சமிருந்த கொஞ்சத்தையும் நேற்று என்னிடம் செலவழித்திருக்கிறாய்.

வாசலில் உன் பையைப் பார்த்தேன். அதை உள்ளே எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

சாவி கதவிலேயே தொங்குகிறது.

பி.கு.: மருந்து மேசைமேல் இருக்கிறது. போவதானால் மறக்காமல் எடுத்துக்கொண்டு போ. இருப்பதானால் அங்கேயே இருக்கட்டும், நான் வந்து உன் கண்ணில் விடுகிறேன். சாயங்காலம் கதவைத் திறந்ததும் முதலில் மேசையைத்தான் பார்ப்பேன்.