பூசச் சொன்ன சுவரும் பூசாத சுவரும்

அனுப்புநர்:
தையற்காரி,
இடிந்தது போக மீதியுள்ள பாதி வீடு.

பெறுநர்:
கட்டட ஆய்வு அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் கணவர் இறந்த காரணத்தைத் திருத்தவும், நாத்தனார் வீட்டை இடிக்கும் உத்தரவை நிறுத்தவும் கோருதல் தொடர்பாக.

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. எங்களுடையது ஒரே மண் வீடு. மாமனார் காலமான பின் நடுவில் தடுத்து, வாசல் பக்கம் என் கணவருக்கும் பின்பக்கம் நாத்தனாருக்கும் என்று பிரித்துக்கொண்டோம்.

2. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகத்தார் வந்து, குறித்த கெடுவுக்குள் வெளிச்சுவரில் சிமெண்ட் பூசினால்தான் உறுதிச் சான்று, இல்லையேல் மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்றார்கள். எனக்குப் பிழைப்பே மின்சாரத் தையல் மெஷின்தான். மழையில் நனைந்த சுவர் காயட்டும் என்று கொத்தனார் கெஞ்சிப் பார்த்தார். கெடுவைத் தள்ளி வைக்க அலுவலகத்தார் சம்மதிக்கவில்லை. பூசினோம். தங்கள் ஆள் தட்டிப் பார்த்து, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றார். என் கணவர் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சுவரைக் காட்டினார். மனிதருக்கு அவ்வளவு பெருமை. நாத்தனார் மட்டும், விளக்கு போனால் போகட்டும் என்று பூச மறுத்துவிட்டார். இன்றும் அவருக்கு அரிக்கேன் விளக்குதான்.

3. ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் என்ன ஆகுமோ, சுவருக்குள்ளும் அதுதான் ஆகியிருக்கிறது. வெளியே பூச்சு பளபளவென்று இருக்க, உள்ளே அடிமண் ஊறிக் கரைந்துவிட்டது. சுவர் சரிந்தபோது அதை ஒட்டிய கட்டிலில் அவர் படுத்திருந்தார். நானும் கொத்தனாரும் பாளம் பாளமாகச் சிமெண்டைத் தூக்கினோம். அடியில் கிடந்தவருக்கு உயிர் இல்லை.

4. 'மண் சுவர் இடிந்து மரணம்' என்கிறது தங்கள் அறிக்கை. அதையே காரணம் காட்டி, நானும் பிள்ளைகளும் இப்போது ஒண்டியிருக்கும், ஒரு விரிசல்கூட இல்லாமல் நிற்கும் நாத்தனார் பாதியையும் இடிக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இறந்தவரையே சாட்சிக்கு இழுப்பது எந்த ஊர் நியாயம் ஐயா?

5. மண் வீடெல்லாம் பத்திரம் என்று நான் வாதாடவில்லை. அடுத்த தெருவில் பூசாத மண் சுவர் விழுந்து ஒரு குழந்தைக்குக் கால் போனது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபின் சட்டமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் செங்கல்லுக்கு எழுதிய விதியை மண்ணின் தலையில் கட்டிவிட்டு, விழுந்ததும் மண்ணின் மேல் பழி போடுவது அநியாயம். மண்ணுக்கென்று ஒரு விதி எழுதிச் சோதியுங்கள். தேறாவிட்டால் நாங்களே காலி செய்கிறோம்.

ஆகவே, மரணத்தின் காரணத்தை 'அலுவலக உத்தரவின்படி ஈரச் சுவரில் பூசிய சிமெண்ட்' என்று திருத்தித் தரவும், தாங்களே நேரில் வந்து சோதிக்கும்வரை இடிப்பை நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறேன். அதற்குள் இயந்திரத்தை அனுப்புவதானால், முதலில் கதவைத் தட்டச் சொல்லுங்கள். நானும் பிள்ளைகளும் நாத்தனாரும் உள்ளேதான் இருப்போம். எங்களுக்குப் போக வேறு இடமில்லை.

நாள்: நோட்டீஸ் ஒட்டிய மறுநாள்
இடம்: நோட்டீஸ் ஒட்டிய கதவுக்கு உள்ளே

இப்படிக்கு,
தையற்காரி (கையொப்பம்)
நாத்தனார் (கைநாட்டு)