பூண்டு மார்க்கெட்டில் ஒரு ஃப்ளெக்ஸ்

வடுகபட்டி,
7.11.2022

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தை மகள் மேரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இந்தத் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தாள் பின்னால் தபாலில் வரும்.

ஏழாவது முறையாக வேட்புமனு கொடுத்துவிட்டீர்களாமே! எழுபத்திரண்டு வயதில் வீடு வீடாக ஏறி இறங்கக் கால் வலிக்காதா? முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்தினேன். ஆனாலும் பெரியகுளம் வரைக்கும் எனக்குப் பெயர், 'மலேசியா எம்.பி.யோட அத்தை மக'தான். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

ஒரு காரியம் செய்தேன், திட்டக்கூடாது. பூண்டு மார்க்கெட் முன்னால் பன்னிரண்டு அடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டேன். உங்கள் படம், பக்கத்தில் சிங்கம். சிங்கம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஃப்ளெக்ஸ் கடை விஜயபாண்டி, "சிங்கம் இல்லாம எம்.பி.யா டீச்சர்?" என்று கேட்டான். வாசகம் என்னுடையது: 'மலேசிய நாடாளுமன்றத்தில் ஆறு முறை முழங்கிய வடுகபட்டி மண்ணின் மைந்தரே, ஏழாவது முறையும் வெல்க!'

பூண்டு விற்கும் பஞ்சம்மாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "லட்சணமாத்தானே இருக்காக. ஏன் ஆத்தா, நீ கட்டிக்கிடலை?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள். "அவுக தொகுதியைக் கட்டிக்கிட்டாக" என்றேன். மார்க்கெட்டே சிரித்தது.

வெற்றிச் செய்திக்குக் காத்திருக்கும்,
வியாகுலமேரி


மலேசியா,
10.11.2022

அன்புள்ள மேரி,

உன் கடிதத்துக்கு முன்பே உன் ஃப்ளெக்ஸ் இங்கே வந்துவிட்டது. விஜயபாண்டி அதைப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். இங்கே யாரோ அதை மலாயில் மொழிபெயர்த்து, "இவர் எந்த மண்ணுக்கு மைந்தர் என்று இவர் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள், பாருங்கள்" என்று தொகுதி முழுக்கப் பரப்புகிறார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நான் வடுகபட்டியில் பிறக்கவில்லை. அங்கே மொத்தம் நாலு தடவைதான் வந்திருக்கிறேன். என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டத்தில், ஏழாம் நம்பர் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். தோட்டத்து மக்கள் வந்தேறிகள் இல்லை, இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் என்று இருபத்தேழு வருஷமாக நாடாளுமன்றத்தில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். நீ அதைப் பன்னிரண்டு அடியில் அழித்துவிட்டாய்.

என்னை எதிர்த்து நிற்பது யார் தெரியுமா? பிறப்புப் பத்திரம் இல்லாததால் பரீட்சை எழுத முடியாமல் நின்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பற்றி 98இல் உனக்கு எழுதினேனே, அந்த முத்துலட்சுமி. பதினோரு தடவை அலைந்து நான் பத்திரம் வாங்கிக் கொடுத்த பிள்ளை. இப்போது வக்கீல். அவளுடைய ஆட்கள்தான் உன் ஃப்ளெக்ஸைத் தெருத்தெருவாகக் காட்டுகிறார்கள்.

தயவுசெய்து அதை இறக்கிவிடு.

பீட்டர்ராஜ்


வடுகபட்டி,
11.11.2022

மச்சானுக்கு,

இறக்கிவிட்டேன். ஏணி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. தொரட்டியை எடுத்துப்போய் நானே கயிற்றை அறுத்தேன். "என்ன டீச்சர், அதுக்குள்ள தோத்துட்டாகளா?" என்று ஒருவன் கேட்டான். "வாயைக் கழுவுடா" என்றேன்.

நான் செய்தது தப்புதான். இங்கே எந்த எம்.பி.க்கும் இப்படித்தான் எழுதுவோம். அங்கே அது உங்களைக் குத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் எனக்கும் கோபம் உண்டு. 'நாலு தடவைதான்' என்று எண்ணிக் காட்டினீர்களே! என் அம்மா சாகிற வாரம்கூட ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிட்டு, "எங்க அண்ணன் மகன் பார்லிமெண்டுல பேசுறாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மண் உங்களுடையது இல்லை, சரி. அந்தப் பெருமையும் எங்களுடையது இல்லையா?

அந்த முத்துலட்சுமி என் கண்ணில் பட்டால் காதைத் திருகிவிடுவேன்.

நான் எழுதிய ஒரு வரியால் நீங்கள் தோற்றால் என்னால் தாங்க முடியாது. தோற்றால் எனக்கு எழுதவேண்டாம். கடிதம் வராவிட்டால் நானே புரிந்துகொள்வேன்.

மேரி


மலேசியா,
21.11.2022

அன்புள்ள மேரி,

எழுதவேண்டாம் என்றாய், எழுதுகிறேன். எண்ணூற்றுப் பதினாலு வாக்கில் தோற்றுவிட்டேன்.

உன் ஃப்ளெக்ஸால் இல்லை. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, தன் கூட்டத்தில் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்தவனை முத்துலட்சுமி மேடையிலேயே நிறுத்தினாள். "நான் இந்த நாட்டில் பிறந்தேன் என்று சொல்ல என்னிடம் இருக்கும் காகிதம் இவர் வாங்கிக் கொடுத்தது. இவரை வெளியாள் என்று சொல்கிறவர்கள் எனக்கு ஓட்டுப் போடவேண்டாம்" என்றாள். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அப்புறமும் ஜெயித்தாள், மேரி! நான் பழைய கதை பேசினேன். அவள் வராத பஸ்ஸைப் பற்றியும் அள்ளாத குப்பையைப் பற்றியும் பேசினாள். நான் வெறும் வாக்காளனாக மட்டும் இருந்தால் நானே அவளுக்குத்தான் போட்டிருப்பேன். முடிவு சொன்னதும் நேராக என்னிடம் வந்து, "ஐயா, பத்திரம் இன்னும் என் பையிலதான் இருக்கு" என்று எடுத்துக் காட்டினாள். அழுதுவிட்டேன். தோற்றதற்காக இல்லை என்றால் பொய். கொஞ்சம் அதற்கும்தான்.

ஒரு காகிதம்கூட இல்லாதிருந்த பிள்ளை என் இடத்தில் போய் உட்காரப்போகிறது. என் இருபத்தேழு வருஷத்துக்கு இதுவே போதும்.

அத்தையின் பெருமை அத்தையுடையதுதான். உன்னுடையதும்தான். எண்ணிக் காட்டியது என் தப்பு. ஐந்தாவது தடவை வரலாமா? இப்போது எம்.பி. இல்லை, வெறும்,
பீட்டர்ராஜ்


வடுகபட்டி,
24.11.2022

அன்புள்ள மச்சானுக்கு,

வரலாமா என்று கேட்கிற கேள்வியைப் பாரு! வந்து ஒரு மாதமாவது இருக்கவேண்டும். வாக்கெடுப்பு இருக்கிறது, சபை கூடுகிறது என்ற சாக்கெல்லாம் இனிமேல் செல்லாது.

பழைய ஃப்ளெக்ஸை வாசலில் விரித்துப் பூண்டு காயப்போட்டிருக்கிறேன். சிங்கத்தின் மேலும் உங்கள் நெற்றியிலும் நல்ல மலைப்பூண்டு காய்கிறது. காதைத் திருகுவேன் என்றதை வாபஸ் வாங்கிக்கொண்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இன்றைக்குப் புதிதாக ஒன்று வைத்தேன், அதே இடத்தில். "தோத்தவுகளுக்கு யாராச்சும் ஃப்ளெக்ஸ் வைப்பாகளா டீச்சர்?" என்று விஜயபாண்டி தலையைச் சொறிந்தான். "நான் வைப்பேன், நீ அச்சடி" என்றேன். 'மலேசிய மண்ணின் மைந்தர் பீட்டர்ராஜ் தம் அத்தை வீட்டுக்கு வருகிறார்' என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை தாராளமாகப் பேஸ்புக்கில் போடச் சொல்லிவிட்டேன். சிங்கம் இருந்த இடத்தில் முத்துலட்சுமியின் படம்.

பஞ்சம்மாள் கூடையை இறக்கிவைத்து நிமிர்ந்து பார்த்தாள். "பக்கத்துல இது யாரு ஆத்தா?" என்றாள்.

"அதுவா? அவுக ஜெயிச்ச ஏழாவது தேர்தல்" என்றேன்.

உங்கள் அத்தை மகள்,
வியாகுலமேரி