லீவும் லீவிங்கும்

நவம்பர், செவ்வாய்க்கிழமை இரவு

நாளை என் மகள் காவ்யாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அதனால் மதியம் ‘ஐ ஆம் லீவிங் டுமாரோ’ என்று நான் வேலை செய்யும் வீட்டு மேடத்துக்கு மெசேஜ் அனுப்பினேன். அவர் வெளிநாட்டுக்காரர், எனக்குத் தெரிந்த இந்தி அவருக்குத் தெரியாது, அதனால்தான் இங்கிலீஷ். அவருடைய குழந்தையை மூன்று வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பதிலில் ‘தேங்க் யூ’ மட்டும் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு நாள் லீவுக்கு இவ்வளவா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் போனைக் காட்டினேன்.

“அம்மா, வேலையை விட்டுப் போறேன்னு எழுதிருக்க. ‘ஆன் லீவ்’னு வரணும். நாளைக்குக் காலையில வேற ஆயா வர்றாங்கன்னு மேடம் சொல்றாங்க.”

 சரியாக எழுதி மறுபடி அனுப்பினேன். இன்னும் ஒரே ஒரு டிக்தான். மேடம் போனை அணைத்து வைத்திருக்கிறார் போல.

“நீ வேலைக்குப் போ, மிஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று காவ்யா படுத்துவிட்டாள்.

விடிந்ததும் சாணக்யபுரியில் மேடம் வீட்டுக்குப் போய், அந்த ஆயா வருவதற்குள் மேடத்தைப் பார்க்க வேண்டும். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ‘ஐ மேக் மிஸ்டேக்’கா, ‘ஐ மேட் மிஸ்டேக்’கா? கேட்கலாமென்றால் காவ்யா தூங்கிவிட்டாள்.