நீக்கப்பட்ட ஆறு வரிகள்

என் செல்ல ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. டெங்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று நாள் காய்ச்சலை மாத்திரையால் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாயே, ஏண்டி? டெல்லி முனிர்காவில் நம் வாடகை அறையில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை?

அந்தக் கோபமே தீரவில்லை. அதற்குள் போன வாரம் அலுவலகத்தில் உன்மேல் பழி போட்டார்கள்.

இதை உன் அம்மாவும் படிப்பார்கள், அதனால் நம் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு பெரிய கணினிக்குள் பல வாடிக்கையாளர்களின் கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல் செய்வது நம் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நெட்வொர்க் கார்டு இருப்பதாகக் காட்ட வேண்டும். நிஜத்தில் அப்படியொரு கார்டே கிடையாது. இயங்குதளத்தின் மையமான கர்னல்தான் கார்டாக நடிக்கிறது. அந்தப் பகுதியை வடிவமைத்தவள் நீ.

உள்ளே ஓடும் கணினி, தான் அனுப்பும் தகவல் எவ்வளவு நீளம் என்று ஓர் எண்ணை எழுதி வைக்கும். அதை நம் பக்கம் பிரதி எடுத்து, பிரதியைச் சோதித்து, அந்தப் பிரதியையே பயன்படுத்த ஆறு வரி நிரல் எழுதியிருந்தாய். "எளா, நாம சோதிச்ச பொறவு அவன் எண்ண மாத்திட்டா என்ன செய்வ? உள்ள இருந்து வர்ற எதையும் நம்பப்பிடாது" என்பாய்.

மேலாளருக்கு வேகம் வேண்டும். "ஸ்பீட் கம் ஹோ ரஹா ஹை, ஸ்டெல்லா. ஹடாவ்." அந்த ஆறு வரியால் வேகம் குறைகிறதாம், எடுத்துவிடச் சொன்னார். கூட்டத்தில் தனியாக நின்று மறுத்தாய். நானும் அங்கேதான் இருந்தேன். நீ சொல்வது சரியென்று தெரியும். நீ திரும்பிப் பார்த்தபோது லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் அவரே அந்த வரிகளை நீக்கி, பிரதி எடுக்காமல் மூல எண்ணையே சோதிக்கும்படி வைத்தார்.

நீ போன பிறகு, நீ பயந்தது அப்படியே நடந்தது. ஒரு வாடிக்கையாளரின் கணினி, சோதனை முடிந்த பிறகு எண்ணை மாற்றியது. கர்னல் நினைவகத்தில் எல்லை தாண்டி எழுதியது; மொத்த இயந்திரமும் விழுந்தது. அதில் ஓடிய எல்லோருடைய வேலையும் நின்றது.

விசாரணையில் மேலாளர் நிதானமாகச் சொன்னார்: "டிசைன் ஸ்டெல்லா கா தா. பேச்சாரி அப் நஹீ ரஹீ." வடிவமைப்பு உன்னுடையதாம். பாவம், இப்போது நீ இல்லையாம். பாவமாம்!

எழுந்துவிட்டேன். அந்த நிரலில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவைத் திரையில் போட்டேன். நீக்கியவர் பெயர் இருந்தது. கீழே நீ எழுதி வைத்த ஆட்சேபமும் இருந்தது. "சார், ஜோர் ஸே படியே" என்றேன். சத்தமாகப் படிக்கச் சொன்னதும் அவர் திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு மேலே உள்ள அம்மாள்தான் படித்தார்.

அறிக்கையைத் திருத்தினார்கள். ஆறு வரிகளும் உன் பெயரோடு திரும்ப வந்துவிட்டன. அவர் அதே நாற்காலியில் இருக்கிறார். என்னை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள்.

என் தைரியத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள். கேட்கக் கேட்க எரிகிறது. நீ இல்லாதபோது வந்த தைரியம் யாருக்கு வேண்டும்? அன்றைக்கு ஒரு வார்த்தை, "அவள் சொல்வது சரி" என்று மட்டும் நான் சொல்லியிருந்தால்?

இனி எந்தக் கூட்டத்திலும் ஒருத்தி தனியாக நின்று உண்மை சொன்னால், அவள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் போய் நிற்பேன். இது சத்தியம்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகள்,
மகேஸ்வரி