எனக்குத் தோன்றவில்லை என்று சொன்ன அண்ணைக்கு

என்னைத் திட்டும்போதும் சிரித்துக்கொண்டே திட்டிய என் அண்ணைக்கு,

கொழும்பிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் எங்கள் பிரக்கிராசியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடிக்கு வந்தார். கோட்டில் வழக்குப் பேசிப் பழகிய மனிதர், ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். வழியில் சைக்கிள் சங்கிலி அறுந்து, வெயிலில் நடந்து வந்ததால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார், பாவம். நாங்கள் வென்றுவிட்டோம், அண்ணை. மேல்கோட்டிலும் வென்றுவிட்டோம்.

உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். உங்கள் வீட்டுக்கு ஓடிப்போய் மச்சாளிடம் சொன்னேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, இவர் இருந்திருந்தால் இப்போது என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டா. எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியும். "உதுக்கே இவ்வளவு நாள் எடுத்தவங்கள்?" என்றிருப்பீர்கள்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பிழையாகச் சொன்னால் அங்கிருந்தே முகத்தைச் சுளியுங்கள்.

என் வீட்டுக்காரர் கிணற்றடியில் விழுந்த வருஷம் அது. புகையிலைக் கன்றுகளுக்கு இறைப்பு நடந்துகொண்டிருந்தது. மேலே கிணற்றின் ஏற்ற மரமான துலாவில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே கிணற்றுக் கட்டில் நின்று, நிறைந்து வருகிற வாளியைப் பிடித்துச் சரித்து ஊற்றுவது இவருடைய வேலை. ஈரக் கட்டில் கால் வழுக்கி, வாளியோடு கல்லில் போய் விழுந்தார். தோள் எலும்பு முறிந்துவிட்டது. உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். தோட்டம் என்ன ஆகப்போகிறது என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மானிப்பாய் ஆசுப்பத்திரியில் இவரை வைத்திருந்த நாட்களில் நான் கூடவே இருந்தேன். அங்கே சுவரில் கை கழுவ ஒரு தகரப் பாத்திரம் தொங்கும். அதன் அடியில் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையால் குமிழை மேலே தள்ளினால் உள்ளேயிருக்கும் மூடி எழும்பித் தண்ணீர் ஓடும். கையை எடுத்தால் மூடி தானாக விழுந்து தண்ணீர் நின்றுவிடும். அதில் நான் எத்தனையோ தரம் கை கழுவியிருக்கிறேன், ஊரில் பாதிப்பேர் கழுவியிருப்பார்கள். ஒருநாள் ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் குமிழ் எங்கள் துலா வாளியின் அடியில் இருந்தால் வாளியைச் சரிக்கத் தேவையில்லையே. கல்லின்மேல் வைத்தால் போதும், கல்லே குமிழைத் தள்ளிவிடும்.

அதைச் சொல்ல உங்கள் தகரப் பட்டறைக்கு வந்தபோது நீங்கள் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா?

"வாளியிலை ஓட்டை போடச் சொல்லி வந்த முதல் ஆள் நீதான், பிள்ளை. மற்றச் சனம் ஓட்டையை அடைக்கத்தான் என்னட்டை வருகுது."

சிரித்தீர்கள், ஆனால் செய்து தந்தீர்கள். முதல் வாளி ஒழுகியது. வலிகாமம் முழுக்கப் பேரெடுத்த பட்டறைக்காரனின் வாளி ஒழுகலாமா? இரவிரவாக யோசித்து மூடிக்குக் கீழே தோல் வைத்தீர்கள். பிறகு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. இவர் துலாவில் மெல்ல மெல்ல மிதிக்க, நான் தனியே கிணற்றுக் கட்டில் நின்று வாளியைக் கல்லில் வைத்துவைத்து எடுத்தேன். வாய்க்கால் நிறைந்து ஓடியது. நீங்கள் சிரிப்பை விட்டுவிட்டு என்னை விலகச் சொன்னீர்கள். பிறகு நீங்களே இறைத்தீர்கள், திரும்பத் திரும்ப. அன்று நீங்கள் பட்டறை திறக்கவேயில்லை.

பேட்டன்ட் என்ற சொல்லை எங்களுக்குச் சொன்னவர் பிரக்கிராசியார்தான். ஒரு பொருளைப் புதிதாக யோசித்துச் செய்தவரின் சம்மதமில்லாமல் குறித்த காலம் வரை வேறெவரும் அதைச் செய்து விற்கக்கூடாது என்று அரசாங்கம் கொடுக்கிற உரிமை அது. இரண்டு பேரின் பெயரிலும் பதிவோம் என்று நான் உங்களைக் கெஞ்சினேன். ஓட்டை வாளிக்கு ஒரு பேட்டன்டோ, ஊர் சிரிக்கும் என்று தட்டிவிட்டீர்கள். நான் என் பெயரில் பதிந்தேன். வேண்டாம் என்று சொன்னவரும் நீங்கள்தான், பிறகு கோபித்துக்கொண்டவரும் நீங்கள்தான். பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம், உதைச் சின்னப்பிள்ளையும் யோசிக்கும் என்று சொன்னீர்களாம். எங்களுக்குள் கதைபேச்சு நின்றது. அந்தத் தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. ஆனால் மச்சாளிடம் எனக்குப் பிடித்த பயற்றம் பணியாரத்தைக் கொடுத்துவிட்டீர்கள். கோபத்தையும் உங்களுக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை, அண்ணை.

இதற்குள் வாளி ஊரூராகப் பரவிவிட்டது. யாழ்ப்பாணம் பெரியகடையில் ஒரு முதலாளி தன் ஆட்களை வைத்து அதே வாளியை அடித்து அடித்து விற்றார். கேட்டதற்கு, உன் வாளியில் என்ன புதுமை இருக்கிறது என்று சிரித்தார். வழக்குப் போட்டோம். பெண்பிள்ளை கோடு ஏறுவதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இவர் ஒருவர்தான் போவோம் என்றார்.

வழக்கு என்றால் முதலாளி என் வாளியைப் பார்த்துச் செய்தாரா இல்லையா என்பதுதான் கேள்வி என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். பிரக்கிராசியார் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"புதிசாய் இருந்தால் மட்டும் காணாது, தங்கச்சி. அந்தத் தொழில் தெரிஞ்ச சாதாரண ஆள் ஒருத்தனுக்கு முன்னாலை அப்ப இருந்த எல்லாத்தையும் வைச்சுப் பாப்பினம். உது அவனுக்குத் தன்பாட்டிலை தோன்றியிருக்குமெண்டால், பேட்டன்ட் நிக்காது."

அந்த நேரம் அந்த ஆளின் மண்டைக்குள் என்ன தோன்றியிருக்கும் என்று நீதவான் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டேன். அதுதான் கஷ்டம், செய்து காட்டிய பிறகு எல்லாமே லேசாகத்தான் தெரியும் என்றார்.

முதலாளிக்காக வழக்குப் பேசிய அப்புக்காத்து கெட்டிக்காரர். வாளி பழசு, கை கழுவும் தகரம் பழசு, மூடியும் தோலும் பழசு, இரண்டு பழசைச் சேர்த்தால் ஒரு புதுசு வந்துவிடுமா என்று கேட்டார். தொழிலாளி ஒருவன் வேலையோடு வேலையாகச் செய்கிற சின்னத் திருத்தத்துக்கெல்லாம் உரிமை கொடுத்தால், நாளைக்கு ஒருவரும் பயமில்லாமல் சுத்தியலைத் தூக்கமுடியாது என்றார். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்க எனக்கே நியாயமாகப் பட்டது. எங்கே பார்த்து இதை யோசித்தாய் என்று என்னைக் கேட்டார். ஆசுப்பத்திரித் தகரத்தைப் பார்த்துத்தான் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்த சாட்சி என்று உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலாளியின் பக்கத்து வாங்குப் பலகையிலிருந்து நீங்கள் எழும்பி, சால்வையை ஒழுங்காக்கிக்கொண்டு என்னைப் பாராமல் நடந்து போனீர்கள். பட்டறையில் நீங்கள் சொன்னதெல்லாம் அவருடைய காதுக்குப் போயிருந்தது. கண்டுபிடித்த பெண்ணின் கூடப்பிறந்தவனே, அதுவும் பேர்போன பட்டறைக்காரனே, உது ஆருக்கும் தோன்றும் என்று சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இப்படி ஒரு வாளியை எந்த நல்ல கம்மியனும் செய்வான்தானே என்று அப்புக்காத்து கேட்டார்.

"செய்யிறதைப் பற்றிக் கேக்கிறியளோ, யோசிக்கிறதைப் பற்றிக் கேக்கிறியளோ?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள்.

இரண்டும் ஒன்றுதானே என்றார் அவர்.

"இல்லை, ஐயா. ஆசுப்பத்திரியிலை தொங்குற கை கழுவுற தகரம் ஓட்டையானால் என்னட்டைத்தான் வரும், நான்தான் ஈயம் பத்திக் குடுக்கிறனான். துலா வாளியும் நான்தான் அடிக்கிறனான். கன வருஷமாய் ரெண்டும் என்ரை பட்டறையிலை ஒரே மேசையிலை பக்கத்துப் பக்கத்திலை இருந்தது. எனக்குத் தோன்றேல்லை."

நீதவான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்புக்காத்து முதலே சொல்லிவைத்திருந்த பட்டறைக் கதையைப் பிடித்து, அப்படியென்றால் சின்னப்பிள்ளையும் யோசிக்கும் என்று ஏன் சொல்லித் திரிந்தாய் என்று அவரே கேட்டார்.

நீங்கள் சொன்னீர்கள்: "எரிச்சலிலை சொன்னது, ஐயா. பாத்தாப்பிறகு எனக்கும் லேசாய்த்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்."

உங்களைப் பற்றி எனக்குத் தெரியும், அண்ணை. ஒரு ஆணி கோணலாகப் போனாலும் அது ஆணியின் பிழை என்று சொல்லுகிற மனிதர் நீங்கள். ஊர் முழுக்கக் கூடியிருந்த இடத்தில், உங்களிடம் வேலை பழகியவர்களும் இருந்த இடத்தில், எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள்?

எனக்காகக் காத்து நிற்காமல் போய்விட்டீர்கள். அடுத்தநாள் விடிய எங்கள் வளவுக்கு வந்து, வாளித் தோல் காய்ந்துபோச்சோ என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். எதற்கும் நல்லெண்ணெய் பூசி வை என்றீர்கள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். அதற்குப் பிறகும் அந்த நாளைப் பற்றி நாங்கள் கதைத்ததேயில்லை. சாட்சிக்கூண்டில் ஏறமுதலே அப்படிச் சொல்லத்தான் நினைத்திருந்தீர்களா? அல்லது அந்தக் கேள்வியைக் கேட்டபிறகுதான் உண்மை வாயில் வந்ததா? கேட்டிருக்கலாம். கேட்டால் சிரித்துச் சமாளித்திருப்பீர்கள்.

இங்கே எங்கள் பக்கம் தீர்ப்பானது. முதலாளி கொழும்புக்கு அப்பீல் போனார். ஊருக்குள் வேறு கதை கிளம்பியது. தங்கச்சிக்காகப் பொய்ச்சாட்சி சொன்னவன் என்றார்கள். பெரியகடையிலிருந்து உங்களுக்கு வந்துகொண்டிருந்த வேலை நின்றுபோனது. கோயில் வீதியில் சிலர் உங்களைக் கண்டும் காணாமல் போனார்கள் என்று மச்சாள் பிறகுதான் எனக்குச் சொன்னா. நீங்கள் எனக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மாரி மழையோடு காய்ச்சல் வந்தது. அந்தக் கதை அப்படியே இருக்க, நீங்கள் போய்விட்டீர்கள்.

அதனால்தான் கொழும்புத் தீர்ப்பை நேற்று எனக்குப் பிரக்கிராசியார் தமிழில் சொல்லச் சொல்ல, வென்றோம் என்பதைவிட வேறொன்றைத்தான் காது தேடிக்கொண்டிருந்தது. செய்து முடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்க்கிற கண்ணால் இதை அளக்கக்கூடாது என்று நீதவான்கள் எழுதியிருக்கிறார்களாம். துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றும் பழசு என்று சொல்வதும் சரியில்லையாம், சேர்த்த முறையைத்தான் பார்க்கவேண்டுமாம். குனிந்து வாளி சரிக்கிற கஷ்டம் தலைமுறை தலைமுறையாக இருந்தது, தகரமும் எல்லார் கண்ணிலும் பட்டது, அப்படியிருந்தும் ஒருவரும் சேர்க்கவில்லை என்பதே பெரிய சாட்சி என்றும் இருக்கிறதாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தோற்றோம். மூடிக்குக் கீழே தோல் வைப்பதற்கும் சேர்த்து உரிமை கேட்டிருந்தோம் அல்லவா? ஒழுகினால் தோல் வைப்பது எந்தக் கம்மியனுக்கும் தோன்றும் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். அது உங்கள் யோசனை, அண்ணை. அதைச் சொன்னபோது மச்சாள் சிரிக்கத் தொடங்கினா, நானும் சிரித்தேன், பிறகு இரண்டு பேரும் அழுதோம். அந்த நீதவான்களை நீங்கள் என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருப்பீர்கள் என்று நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

காது தேடியது கடைசியில் வந்தது. எதிர்ப்பக்கம் அழைத்த சாட்சி, அந்தத் தொழிலில் நீண்ட பழக்கமுள்ளவர், தன் பெருமைக்கு மாறாகப் பேசினார், அவர் சொன்னதை நம்பாமல் விட இந்த மன்றத்துக்கு ஒரு காரணமும் தெரியவில்லை என்றிருந்தது. அந்த இடத்தைத் திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னேன். பிரக்கிராசியார் வாசித்தார்.

மற்றபடி எல்லாரும் சுகம். இவருக்குத் தோள் மழைக்கு உளைகிறது, ஆனால் துலா மிதிக்கிறார். உங்கள் பட்டறை பூட்டிக் கிடக்கவில்லை. உங்களிடம் பழகியவர்களே நடத்துகிறார்கள். பெரியகடை வேலை இல்லாவிட்டாலும், வாளி அடிக்கிற வேலை முழுக்க இனி உங்கள் பட்டறையில்தான். மச்சாளுக்கு ஒரு குறையும் வராது.

வருகிற மாதம் உங்கள் ஆட்டைத் திவசம், ஒரு வருஷம் ஆகிறது. ஊர் வரும், கண்டும் காணாமல் போனவர்களும் வருவார்கள். சாப்பாட்டுக்கு இலை போடமுதல் நான் எழும்பி, உங்களைப் பற்றி மேல்கோடு எழுதியதைத் தமிழில் வாசிப்பேன். சபையில் பேசிப் பழக்கமில்லாதவள்தான், குரல் நடுங்கும். நடுங்கினாலும் கடைசிச் சொல் வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் பாயில் இருப்பேன், அண்ணை. இது சத்தியம்.

உங்களோடு கூடப்பிறந்த
பாக்கியம்