ஓடிபி சொல்லாத உறவுகள்

2025 ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியெல்லாம் பிட் நோட்டீஸ் கொடுத்தேன். "உங்கள் முன்னோரைத் தேட 'கொடிவழி' இணையதளம். உருவாக்கத் தன்னார்வலர்கள் தேவை. சம்பளம் கிடையாது. டீ உண்டு." டீ நான் சேர்த்தது. தளத்தை எழுதுவது எப்சி. என் மனைவி ரோஸியின் அக்கா மகள், சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. "நீங்க ஆளை மட்டும் சேர்த்துக் குடுங்க சித்தப்பா" என்றாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் காலம் தள்ளியவனுக்கு ஆள் சேர்ப்பது ஒரு வேலையா?

முடிச்சூர் பஜ்ஜிக் கடையில் என் நோட்டீஸால் ஒருவர் எண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்தார். பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

ஜூன் 10

முதல் தன்னார்வலர்! எதிர் வீட்டு அம்மணி. மகளின் ஜாதகத்தோடும் முழு உருவப் போட்டோவோடும் வந்தார். இது கல்யாண புரோக்கர் வேலை இல்லை என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் சரி சார், நல்ல குடும்பமா மாட்டினா சொல்லுங்க, கூட்டுக்குடும்பம் மட்டும் வேணாம்" என்றார்.

சேர்த்துக்கொண்டேன். வேறு யார் இருக்கிறார்கள்?

ஜூன் 15, ஞாயிறு

ஆறு பேர் ஆகிவிட்டோம். எப்சி கம்ப்யூட்டர் வழியாக வகுப்பு எடுத்தாள். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு பெட்டி. உயிரோடு இருப்பவர் என்றால் அவர் போனுக்கு ஓடிபி போகும். அவர் அதை நம்மிடம் சொன்னால் பெட்டி பச்சை. சொல்லும்வரை சாம்பல் நிறம். இறந்தவருக்கு ஓடிபி வேண்டாம். தேதியைப் போட்டால் பெட்டியில் விளக்கு எரியும், அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் செய்தி தானாகப் போய்விடும்.

பத்திரம் எழுதும் கதிரேசன் சார் கை தூக்கினார். "எல்லார் பேரையும் போட்டா அக்கா தங்கச்சிங்க பங்கு கேட்டு வந்துருவாங்களே?" பதில் வரும் முன்பே தொடர்பைத் துண்டித்துவிட்டார். ஐந்து பேர்.

சாயங்காலம் எங்கள் குடும்பத்தை நானே ஏற்றினேன். அப்பா, அம்மா, விளக்கு. குன்றத்தூரில் இருக்கும் அண்ணன் சவுரிமுத்து, சாம்பல். ரோஸி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "குன்றத்தூருக்கு ஒரு போன் போட வெக்கப்பட்டுக்கிட்டு ஊரையே கூட்டறீங்க."

அப்படியெல்லாம் இல்லை.

சரி, இருக்கட்டும். எழுதிவிடுகிறேன். 2015 வெள்ளத்தில் அண்ணன்தான் கோவளத்திலிருந்து படகு கொண்டுவந்து எங்களை மீட்டார். நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் அதை எந்த விசேஷத்தில்தான் சொல்லாமல் விட்டார்? என் மகள் கிறிஸ்டினா கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், மைக்கில்: "என் தம்பி பரண் மேல பனியனோட குந்திகினு கீறான், மடில மிக்ஸி!" சபையே சிரித்தது. "போதும், உக்காருண்ணா" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. பெரியப்பா முறையில் பந்தியைத் தொடங்கிவைக்க வேண்டியவர் சாப்பிடாமலே போய்விட்டார். ஆறு வருஷம் ஆகிறது. யார் முதலில் போன் போடுவது? மைக்கைப் பிடித்தது அவர். நான் ஏன் போட வேண்டும்?

ஜூன் 22

ஓடிபி கேட்டால் ஜனங்கள் அடிக்க வருகிறார்கள். அம்மணியின் சொந்தச் சித்தியே "சைபர் போலீஸ்ல சொல்லிடுவேன்" என்றாராம். ஓடிபி சொன்னால் ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்லிக் குரல் செய்தி அனுப்பினேன்.

எனக்கும் ஓர் ஓடிபி வந்தது. அழித்துவிட்டேன். யாரை நம்புவது?

ஜூன் 29

எங்கள் குடும்பத்தைச் சரிபார்க்கும் வேலையை மேடவாக்கம் ஷர்மிளாவிடம் கொடுத்திருந்தேன். நேரில் பார்த்ததில்லை. குழுவில் ரோஸியின் போனிலிருந்துதான் பேசுகிறேன், அங்கே நான் வெறும் 'பிரிட்டோ சார்'. குடும்ப மரத்தில் இருக்கும் 'ஆ. அந்தோணி பிரிட்டோ' நான்தான் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, என் அண்ணனுக்கு நீ போன் பண்ணம்மா என்று?

இன்று குழுவில் எழுதியிருக்கிறாள்: "சவுரிமுத்துன்னு ஒருத்தர், தம்பி பேரைச் சொன்னதும் 'எனக்குத் தம்பியே கெடையாது, போனை வைம்மா'ன்னுட்டார் சார். தம்பி பெட்டியை எடுத்துடவா?"

வேண்டாம், இருக்கட்டும் என்று எழுதினேன்.

கெடையாதாமே. சோறு இறங்கவில்லை.

ஜூலை 2

புது நம்பரிலிருந்து ஓயாமல் போன். நான் தெரியாத நம்பரை எடுப்பதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வாசலில் ஆட்டோ சத்தம். அடுத்து அண்ணன் குரல், தெருவே கேட்க. "ரோஸி! என் தம்பி செத்து ஒரு வருசம் தாண்டிப் போச்சு, எனக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணலியா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

லுங்கியைக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். கையில் பெரிய ரோஜா மாலையோடு அண்ணன். நன்றாக வயதாகிவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இன்னாடா இங்க கீறே?"

"என் வீடு அண்ணா."

ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு அதே கையால் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அம்மணி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தும்.

அவர் போனை வாங்கிப் பார்த்தோம். 'கொடிவழி' அனுப்பிய செய்தி: உங்கள் உறவினர் ஆ. அந்தோணி பிரிட்டோ, மறைவு 31 மே 2024. மேலே என் படம், விளக்கோடு. நான் ரிட்டயரான நாளில் ஆபீசில் மாலை போட்டு எடுத்த படம், நானே ஏற்றியது. மூலையில் அன்றைய தேதி.

ரோஸி எட்டிப் பார்த்தாள். "தேதி சரிதான். அன்னிலேர்ந்து ஒரு வேலையும் செய்யலையே."

மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாதா படத்துக்குப் போட்டோம். மத்தியானம் மட்டன் குழம்பு. கிறிஸ்டினா கல்யாணத்தில் சாப்பிடாமல் போனவர் மூன்று தடவை சோறு வாங்கினார். எதிரில் ஆட்டோக்காரரையும் உட்கார வைத்து வெள்ளக் கதையை ஆரம்பித்தார். இம்முறை என் மடியில் மிக்ஸியோடு கிரைண்டரும் இருந்தது. நான் திருத்தவில்லை.

ஜூலை 7

ஷர்மிளா போனில் அழுகிறாள். "மாலை போட்டிருந்தது சார். ஓடிபி வரல. எத்தனை தடவை பண்ணியும் போனை எடுக்கல. நான் என்னன்னு நெனைக்கறது?"

மூன்றுமே என் வேலை. அழாதே, உன்னால் எனக்கு நல்லதுதான் நடந்தது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

புதிய தன்னார்வலர்: ஆ. சவுரிமுத்து. பொறுப்பு: உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டுச் சரிபார்ப்பது. "இன்னாபா, கீறியா, பூட்டியா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். பயந்துபோய் ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஒரு வாரத்தில் பச்சையான பெட்டிகளைப் பார்த்து எப்சி வாயைப் பிளக்கிறாள்.

காலை ஏழு மணிக்கு முதல் போன் எனக்கு. தினமும்.

"கீறியா?"

"இருக்கேண்ணா."

"சரி வை."

நான்தான் பச்சையாகி நாளாயிற்றே, இன்னும் என்ன சரிபார்ப்பு என்றேன். "அந்த மிஷினை நம்ப முடியாதுடா" என்றார்.

ஆகஸ்ட் 4

ஏழு மணி. போன் வரவில்லை. பேப்பரைப் பிரித்தேன், ஓர் எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. ரோஸி காப்பியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

நானே போட்டேன்.

"இன்னாண்ணா, கீறியா?"

"பல்லு வெளக்கிகினு கீறேன்டா, வை."