ஒத்திகையில் சொன்ன பதில்

மார்ச் 4, செவ்வாய்

காலை 11.20. மொட்டைமாடி மோட்டார் அறையில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். இடி பாஸ்டர் போனில் கூப்பிட்டார். "தம்பி, டீச்சர் போயிட்டாங்க." என் மனைவி எங்கே போனாள் என்று கேட்டேன்.

போதகர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். நான் மோட்டார் மூடியைப் பூட்டி, எல்லாத் திருகுகளையும் முடுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். ஏன்?

மார்ச் 6

அடக்கம் முடிந்தது.

மார்ச் 9

மூன்று போதகர்கள் கூப்பிட்டார்கள். மூவரும் ஒரே கேள்வி. "இன்னைக்கு எப்படி இருக்கு?"

அவள் எழுதிய பாடம் அது. துக்கப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது, தன் மனசையும் எப்படிப் பார்த்துக்கொள்வது — போதகர்கள் வேலை வெறுத்துப் போகாமலிருக்க சபை வைத்த பயிற்சி. சமையலறையில் என்னை வைத்துத்தான் ஒத்திகை பார்த்தாள். "நீ பொண்டாட்டியப் பறிகொடுத்தவன். நான் பாஸ்டர். சிரிக்காத."

"ராத்திரிக்குப் பகல் பரவால்ல" என்றேன் அன்று.

"ரயில் அறிவிப்பு மாதிரி சொல்ற. அழவே வராதா உனக்கு?"

இன்று மூவருக்கும் அதே பதில். அதே குரல்.

மார்ச் 12

வரவில்லை. அழுகை.

மார்ச் 16, ஞாயிறு

சாயங்காலம் இடி பாஸ்டர் வந்தார். குரலுக்காக அவள் வைத்த பெயர். "அவருக்கு ஒரு பாடமும் ஏறாது. ஆனா மனுஷன் தங்கம்" என்பாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை அவர். அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"காலைல ஆராதனைக்குப் போகல தம்பி. வேலைய விடப்போறேன். கெட்ட சேதிய பதமா சொல்லணும்னு சொல்லிக்கொடுத்தவங்க அவங்க. அவங்க சேதியவே நான் பட்டுனு போட்டு உடைச்சுட்டேன். எனக்கு எதுக்கு இந்த அங்கி?"

அழ ஆரம்பித்தார். அந்தக் குரலில். கீழ்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"விடாதீங்க பாஸ்டர்" என்றேன். "மத்தவங்க பேசினா அவதான் பேசறா. நீங்க ஒருத்தர்தான் நீங்களா பேசினீங்க. அடுத்த ஞாயிறு நீங்க பிரசங்கம் பண்ணுங்க, நான் வந்து பின்னாடி —"

முடிக்க முடியல. வந்துடுச்சு. இவ்வளவு நாள் எங்கே இருந்துச்சோ.

நடுவில் என் போன் அடித்தது. எட்டிப் பார்த்தார். "எங்க சபை ஆளுதான். இன்னைக்கு எப்படி இருக்குன்னு கேப்பான்" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே.

போனை அணைத்துவிட்டேன்.